துருவ ஒளியைப் பெட்டிக்குள் வரவழைத்தவர்

நார்வே நாட்டின் வட கோடியில் குளிர்காலம் வந்தால் ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்குச் சூரியன் உதிப்பதில்லை. அந்த நீண்ட இருளில், மேகமில்லாத இரவுகளில், வானத்தில் ஒரு பச்சைக் கோடு தோன்றும். சிறிது நேரத்தில் அது திரைச்சீலைபோல் விரிந்து அசையும். ஓரங்களில் இளஞ்சிவப்பு படரும். சில நிமிடங்கள் வானம் முழுவதும் அலைபாய்ந்துவிட்டு, வந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடும்.

அந்த வட்டாரத்துச் சாமி இன மக்கள், இந்த ஒளி தெரியும்போது சீட்டியடிக்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது என்று பிள்ளைகளை எச்சரிப்பார்கள். பின்லாந்து மொழியில் இதற்கு நரி நெருப்பு என்று பொருள்படும் பெயர். பனியில் ஓடும் நரியின் வால் பட்டுத் தெறிக்கும் பொறி என்பது அவர்களின் பழங்கதை.

அறிவியல் உலகம் இதைத் துருவ ஒளி என்று அழைத்தது. பெயர் வைத்தாயிற்று, காரணம் மட்டும் பிடிபடவில்லை. அந்தக் காரணத்தைத் தேடித் தம் உடல்நலத்தையும் பணத்தையும் குடும்ப வாழ்க்கையையும் செலவிட்டவர் கிறிஸ்தியன் பிர்க்கலாண்ட்.

புதிரின் துண்டுகள்

பிர்க்கலாண்ட் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி, இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே புதிரின் சில துண்டுகள் கிடைத்திருந்தன.

வெப்பமானிக்குத் தம் பெயரைத் தந்த செல்சியசும் அவருடைய உதவியாளர் யோர்ட்டரும் 1741இல் ஒன்றைக் கவனித்தார்கள். துருவ ஒளி வானில் ஆடும்போது, மேசைமேல் இருக்கும் காந்த ஊசியும் நடுங்கியது. அப்படியானால் வானத்து ஒளிக்கும் காந்தத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும்.

அடுத்த துண்டு 1859இல் கிடைத்தது. செப்டம்பர் முதல் தேதி, இங்கிலாந்தின் கேரிங்டன் என்ற வானியலாளர் சூரியக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று அவற்றின்மேல் கண்ணைப் பறிக்கும் ஓர் ஒளி வெடித்து அடங்கியது. ஒரு நாள் முடிவதற்குள் பூமியின் காந்தப்புலம் நிலைகுலைந்தது. தந்திக் கம்பிகளில் பொறி பறந்தது. கரீபியத் தீவுகள் வரைக்கும் துருவ ஒளி தெரிந்தது.

மூன்றாவது துண்டைத் தந்தவர் சுவீடனின் ஆங்ஸ்ட்ராம். 1860களில் அவர் துருவ ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்தார். சூரிய ஒளியைப்போல் வானவில்லாக விரியாமல், பச்சை நிறத்தில் ஒரு தனிக்கோடு மட்டும் பளிச்சிட்டது. பனிப்பாறைகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இதுவன்று, ஏதோ ஒரு வாயுவே ஒளிர்கிறது என்பது அதனால் உறுதியானது.

காந்தம், சூரியன், ஒளிரும் வாயு என்று மூன்று துண்டுகள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றை இணைக்க முற்பட்டவர்களுக்குப் பெரிய தடை ஒன்று இருந்தது. அக்காலத்தின் தலைசிறந்த இயற்பியலாளரான கெல்வின், சூரியனால் பூமியில் காந்தப் புயலை உண்டாக்க முடியாது என்று 1892இல் கணக்குப் போட்டு அறிவித்திருந்தார். அவர் சொன்ன பிறகு அதை மறுத்துப் பேசத் துணிவு வேண்டும்.

கண்ணாடிக் குழாயில் ஒரு குறிப்பு

பிர்க்கலாண்ட் முதலில் கணிதத்தில் தேர்ந்தவர். பாரிசில் போன்கரேயிடமும், ஜெர்மனியின் போன் நகரில் மின்காந்த அலைகளைக் கண்டுபிடித்த ஹெர்ட்சிடமும் பயின்றார். இளம் வயதிலேயே மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகளுக்குப் பொதுத் தீர்வு ஒன்றை வெளியிட்டார். 1898இல், முப்பது வயதில், கிறிஸ்தியானியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

அவரைத் துருவ ஒளியிடம் கொண்டுசேர்த்தது ஒரு கண்ணாடிக் குழாய். காற்றை உறிஞ்சி எடுத்த குழாயில் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தினால், எதிர்மின் முனையிலிருந்து கேத்தோடு கதிர்கள் கிளம்பும். 1895, 1896ஆம் ஆண்டுகளில் பிர்க்கலாண்ட் அந்தக் குழாயின் அருகே வலிமையான காந்தத்தை வைத்துப் பார்த்தார். பரவிச் சென்ற கதிர்கள், விளக்கொளி வில்லையில் குவிவதுபோல் காந்தத்தின் முனையை நோக்கிக் குவிந்தன.

அவர் யோசித்தார். பூமியும் ஒரு காந்தம்தான். அதற்கும் இரு முனைகள் உண்டு. சூரியனிலிருந்து இத்தகைய மின்கதிர்கள் கிளம்பி வந்தால், பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவங்களை நோக்கித்தானே இழுத்துச் செல்லும்? அங்கே அவை மேல்வளிமண்டல வாயுக்களில் மோதினால் வாயு ஒளிராதா? துருவ ஒளி துருவங்களின் அருகில் மட்டும் ஏன் தெரிகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இருந்தது.

இந்தக் கருத்தை அவர் 1896இல் வெளியிட்டார். கேத்தோடு கதிர் என்பது எலெக்ட்ரான்களின் ஓட்டம் என்று ஜே.ஜே. தாம்சன் காட்டியது அதற்கு அடுத்த ஆண்டுதான் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மலையுச்சியில் பட்ட பாடு

கருத்து இருந்தால் போதாது, சான்று வேண்டும். துருவ ஒளி எவ்வளவு உயரத்தில் உண்டாகிறது, அப்போது காந்த ஊசி எந்தத் திசையில் எவ்வளவு விலகுகிறது என்பதையெல்லாம் அது தோன்றும் இடத்துக்கே போய் அளக்க வேண்டும். பிர்க்கலாண்ட் மாணவர்களுடன் வடக்கே புறப்பட்டார்.

முதல் பயணமே பனிப்புயலில் சிக்கியது. மருத்துவம் பயின்றுவந்த ஹெலாண்ட்-ஹான்சன் என்ற மாணவருக்குக் கைகள் உறைந்து, விரல்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அறுவை மருத்துவராகும் கனவு அத்துடன் முடிந்தது. அவர் மனம் தளராமல் கடலியலுக்கு மாறி, பிற்காலத்தில் அத்துறையின் முன்னோடிகளில் ஒருவரானார்.

1899இல் பிர்க்கலாண்ட் மறுபடியும் போனார். இம்முறை ஆல்ட்டா வட்டாரத்தில், சுமார் 900 மீட்டர் உயரமுள்ள ஹால்டே மலையுச்சியில் கல்லால் ஒரு ஆய்வுக்கூடம் கட்டப்பட்டது. சில கிலோமீட்டர் தள்ளி மற்றொரு சிகரத்தில் இன்னொன்று. இரண்டு உச்சிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே ஒளியைப் பார்த்துக் கோணத்தை அளந்தால், முக்கோணவியல்படி உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பது திட்டம்.

திட்டம் பலிக்கவில்லை. துருவ ஒளி பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு மேல் உண்டாகிறது என்று இன்று நமக்குத் தெரியும். அத்தனை உயரத்தை அளக்க, சில கிலோமீட்டர் இடைவெளி மிகக் குறைவு. இரு உச்சிகளிலிருந்தும் ஒளி ஏறத்தாழ ஒரே திசையில்தான் தெரிந்தது. அதைவிடக் கொடுமையாக, 1900ஆம் ஆண்டில் அவருடைய இளம் உதவியாளர் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி மாண்டார்.

இவ்வளவு இழப்புக்குப் பிறகும் அவர் ஊர் திரும்பி ஓய்ந்துவிடவில்லை. ஓரிடத்திலிருந்து பார்த்தது போதாது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டார். 1902, 1903ஆம் ஆண்டுகளில் ஒரே நேரத்தில் நான்கு நிலையங்களை அமைத்தார். ஒன்று நார்வேயில், ஒன்று ஐஸ்லாந்தில், ஒன்று ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கூட்டத்தில், ஒன்று ரஷ்யாவின் நோவாயா செம்லியாவில். நான்கிலும் காந்த ஊசியின் அசைவு இரவும் பகலும் பதிவானது.

அந்தப் பதிவுகளை ஒப்பிட்டபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. துருவ ஒளி தோன்றும் நேரத்தில், அதன் வழியே பல லட்சம் ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகக் கொண்டால்தான் ஊசியின் விலகலுக்குக் கணக்கு சரியாக வந்தது. நம் வீட்டு மின்சாதனங்கள் பெரும்பாலும் 13 ஆம்பியருக்குள் அடங்குபவை என்பதை நினைத்தால் அதன் அளவு புரியும். இந்த மின்னோட்டம் விண்வெளியிலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியாக இறங்கி, வளிமண்டலத்தில் கிடைமட்டமாக ஓடி, மறுபடியும் மேலே ஏறிச் செல்கிறது என்று பிர்க்கலாண்ட் முடிவுக்கு வந்தார்.

குட்டி பூமி

அடுத்து அவர் செய்தது, பள்ளி ஆய்வுக்கூடத்தில் நிற்கும் எந்த மாணவருக்கும் பிடித்துப்போகும் ஒரு காரியம். பூமியையே மேசைமேல் கொண்டுவந்தார்.

உலோகக் கோளம் ஒன்றைச் செய்து, அதனுள்ளே மின்காந்தத்தைப் பொருத்தினார். கோளத்தின் மேற்பரப்பில் கதிர் பட்டால் ஒளிரும் பூச்சு. இதற்கு டெரெல்லா என்று பெயர். குட்டி பூமி என்று பொருள். 1600ஆம் ஆண்டில் பூமி ஒரு காந்தம் என்று விளக்க, இங்கிலாந்தின் கில்பர்ட் செய்த காந்தக் கோளத்தின் பெயர் அது. பிர்க்கலாண்ட் தம் கோளத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, ஒரு பக்கத்திலிருந்து கேத்தோடு கதிர்களைச் செலுத்தினார். அந்தப் பக்கம்தான் சூரியன்.

உள்ளே இருந்த மின்காந்தம் இயங்கத் தொடங்கியதும், கோளத்தின் இரு முனைகளையும் சுற்றி ஒளி வளையங்கள் தோன்றின. முனையின் உச்சியில் ஒளி இல்லை. அதைச் சுற்றிச் சற்றுத் தள்ளி ஒரு பட்டைபோல் இருந்தது. உண்மையான பூமியிலும் துருவ ஒளி அப்படித்தான், துருவத்தைச் சுற்றிய ஒரு பட்டையிலேயே அதிகம் தெரிகிறது.

இதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் கணிதவியலாளர் ஸ்டோர்மர். மின்னூட்டம் பெற்ற ஒரு துகள், பூமியின் காந்தப்புலத்தில் எந்தப் பாதையில் போகும் என்பதை அவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து கையால் கணக்கிட்டார். பிர்க்கலாண்டால் அளக்க முடியாமல் போன துருவ ஒளியின் உயரத்தையும், நீண்ட இடைவெளியில் இரு கேமராக்களை நிறுத்தி அளந்து முடித்தவர் ஸ்டோர்மரே.

வெடித்த பீரங்கியும் விளைந்த உரமும்

இத்தனை பயணங்களுக்கும் கருவிகளுக்கும் பணம் எங்கிருந்து வரும்? அரசாங்கம் தந்தது போதவில்லை. பணம் ஈட்ட பிர்க்கலாண்ட் ஒரு வழி கண்டார். வெடிமருந்து இல்லாமல், மின்காந்தச் சுருள்களின் இழுவிசையால் குண்டை எறியும் பீரங்கி. அதற்குக் காப்புரிமை பெற்று, நிறுவனமும் தொடங்கினார்.

1903ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மண்டபத்தில், முக்கியப் பிரமுகர்கள் முன்னிலையில் அதை இயக்கிக் காட்டினார். விசையைப் போட்டதும் குறுக்குச்சுற்று ஏற்பட்டது. பேரொலி, கண்ணைக் கூசும் மின்பொறி, புகை. பார்வையாளர்கள் பதறிப்போனார்கள். பீரங்கி விற்பனை அத்துடன் கனவாகிப் போனது.

ஆனால் அந்த மின்பொறியை அவர் மறக்கவில்லை. அக்கால உலகம் வேறொரு கவலையில் இருந்தது. பயிர்களுக்கு நைட்ரஜன் உரம் வேண்டும். அது பெரும்பாலும் சிலி நாட்டு வெடியுப்புப் படிவங்களிலிருந்து வந்தது. அது தீர்ந்தால் உணவுப் பஞ்சம் வரும் என்று பிரிட்டிஷ் வேதியியலாளர் குரூக்ஸ் 1898இல் எச்சரித்திருந்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதைப் பிற தனிமங்களுடன் சேரவைப்பது எளிதன்று. மின்னல்போல் கடும் வெப்பம் வேண்டும்.

பீரங்கி வெடித்த சில நாட்களில் ஒரு விருந்தில் சாம் எய்டே என்ற பொறியாளரை பிர்க்கலாண்ட் சந்தித்தார். எய்டேயிடம் நீர்வீழ்ச்சிகளின் உரிமை இருந்தது, அதனால் மலிவான மின்சாரம் கிடைக்கும். அவர் தேடியது செயற்கை மின்னலை. பிர்க்கலாண்டிடம் அது இருந்தது. மின்வில்லைக் காந்தப்புலத்தால் தட்டையான நெருப்பு வட்டமாக விரித்து, அதன் வழியே காற்றைச் செலுத்தினால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணையும். அதிலிருந்து நைட்ரிக் அமிலம், அமிலத்தையும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்தால் உரம். இதுவே பிர்க்கலாண்ட்–எய்டே முறை. 1905இல் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் இதன்மேல் எழுந்தது. இம்முறைக்கு மின்சாரம் மிக அதிகம் தேவை என்பதால், பின்னாளில் ஹேபர்–பாஷ் முறை அதன் இடத்தைப் பிடித்தது. ஆலைகள் அமைந்த நோட்டோடன், ரியூக்கன் ஊர்களின் தொழில்துறை மரபிடங்கள் 2015 முதல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் உள்ளன.

உரத்தில் வந்த பணத்தைத் துருவ ஒளி ஆராய்ச்சியிலேயே போட்டார். பெரிய பெரிய வெற்றிடப் பெட்டிகளைக் கட்டினார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1905இல் நடந்த திருமணம் 1911இல் முறிந்தது. ஆய்வுக்கூடத்திலேயே வாழ்ந்தவருக்கு வீட்டில் செலவிட நேரம் இருக்கவில்லை. தூக்கமின்மை பல ஆண்டுகளாக வாட்டியது. அதற்கு மருந்தும் மதுவும் துணையாகி, உடலைக் கெடுத்தன.

இன்னொரு விசித்திர ஒளி

1913இல் அவர் எகிப்துக்குச் சென்றார். இம்முறை தேடிப்போனது வேறொரு வான ஒளி. விடியலுக்கு முன் கிழக்கிலும், அந்திக்குப் பின் மேற்கிலும், தொடுவானத்திலிருந்து மேலெழும் மங்கிய முக்கோண வெளிச்சம் அது. ராசிமண்டல ஒளி என்பார்கள். பொய் விடியல் என்ற பழைய பெயரும் அதற்கு உண்டு. வெப்பமண்டல நாடுகளில், விளக்கொளி இல்லாத கடற்கரைகளிலிருந்து இது நன்கு தெரியும்.

இதற்கும் சூரியனின் மின்துகள்களே காரணம் என்று பிர்க்கலாண்ட் நம்பினார். இங்கே அவர் தவறிவிட்டார். கோள்களுக்கிடையே மிதக்கும் நுண்தூசு சூரிய ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது தெரிகிறது.

அதற்குள் முதல் உலகப்போர் மூண்டது. தனிமையும் மருந்தும் சேர்ந்து, ஒற்றர்கள் தம்மைப் பின்தொடர்வதாக அவரை அஞ்சவைத்தன. போரால் ஐரோப்பியக் கடல்வழி ஆபத்தானது. ஆசியா வழியாகச் சுற்றி நாடு திரும்ப எண்ணி, அங்குள்ள இயற்பியலாளர்களையும் சந்திக்க ஜப்பான் சென்றார். 1917ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, தோக்கியோவில் ஒரு ஹோட்டல் அறையில் அவர் இறந்து கிடந்தார். தூக்க மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டிருந்தது தெரியவந்தது. வயது 49.

ஐம்பது ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு

அவர் போன பின் அவருடைய கருத்தும் ஒதுக்கப்பட்டது. ஒரே வகை மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று விலக்கும், எனவே சூரியனிலிருந்து பூமிவரை கற்றையாக வந்துசேர முடியாது என்பது ஒரு மறுப்பு. அது நியாயமானதே. பிர்க்கலாண்டும் கடைசிக் காலத்தில், சூரியனிலிருந்து நேர்மின், எதிர்மின் துகள்கள் இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

இன்னொரு மறுப்பு சிட்னி சாப்மன் என்ற செல்வாக்குமிக்க ஆங்கிலேய அறிஞருடையது. மின்னோட்டம் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது, விண்வெளியிலிருந்து இறங்குவதில்லை என்றார் அவர். சுவீடனின் ஆல்வேன் போன்ற சிலர் மட்டும் பிர்க்கலாண்டின் பக்கம் நின்றார்கள். இந்தச் சர்ச்சை நீடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. தரையில் வைத்த காந்தமானிகளை மட்டும் கொண்டு இந்த இரண்டில் எது சரி என்று பிரித்தறிய முடியாது. எத்தனை மலை ஏறினாலும் விடை கிடைக்காது. கருவி விண்வெளிக்கே போக வேண்டும்.

அந்தக் காலமும் வந்தது. சூரியனிலிருந்து இடைவிடாமல் மின்துகள்கள் வீசிக்கொண்டிருப்பதை 1962இல் மாரினர் 2 விண்கலம் உறுதிசெய்தது. அதற்குச் சூரியக் காற்று என்று பெயர். 1960களின் பிற்பாதியில், அமெரிக்கக் கடற்படையின் துணைக்கோளம் ஒன்று துருவ ஒளிப் பகுதிக்கு மேலே பறந்தபோது பதிவான காந்த மாற்றங்கள், காந்தக்கோடுகள் வழியாக மின்னோட்டம் இறங்குவதைக் காட்டின. பிர்க்கலாண்ட் பனிமலையில் எழுதிவைத்தது சரி என்றானது. அந்த மின்னோட்டங்களுக்கு இன்று பிர்க்கலாண்ட் மின்னோட்டங்கள் என்றே பெயர்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரியில்லை. சூரியத் துகள்கள் நேராகத் துருவத்தில் வந்து விழுவதில்லை. சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை வால்போல் பின்னால் இழுத்து நீட்டுகிறது. அந்த வாலில் சேரும் ஆற்றல் விடுபடும்போது எலெக்ட்ரான்கள் முடுக்கப்பட்டு, வளிமண்டலத்தில் பாய்கின்றன. ஆக்சிஜன் அணுக்களில் மோதினால் பச்சையும், இன்னும் உயரத்தில் சிவப்பும் வருகின்றன. நைட்ரஜன் நீலமும் இளஞ்சிவப்பும் தருகிறது. சூரியன், காந்தம், மின்துகள், வாயு என்று அவர் கோத்த சங்கிலி மட்டும் அறுபடவில்லை.

2024ஆம் ஆண்டு மே மாதம் வீசிய சூரியப் புயலில், லடாக்கின் ஹன்லேவில்கூட வானம் செந்நிறம் கண்டது. இத்தகைய புயல்கள் துணைக்கோளங்களையும் மின் கட்டமைப்புகளையும் பாதிக்கும் என்பதால், இன்று பல நாடுகளில் விண்வெளி வானிலையை நாள்தோறும் கணிக்கிறார்கள். அந்தத் துறையின் தொடக்கப் பதிவுகளில் ஹால்டே மலையின் குறிப்பேடுகளும் உண்டு.

நார்வே 1994இல் வெளியிட்ட 200 குரோனர் நோட்டில் அவருடைய உருவம் இடம்பெற்றது. நிலவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர்.

அறிவியலில் முதலில் சொன்னவர் முழுதும் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அதைத் தாமே சோதிக்கத் தயங்காதிருக்க வேண்டும். பிர்க்கலாண்ட் இரண்டையும் செய்தார். அதற்காக அவரும் அவரோடு மலையேறிய இளைஞர்களும் கொடுத்த விலை பெரிது. அடுத்த முறை துருவ ஒளியின் படம் உங்கள் கைப்பேசித் திரையில் வந்தால், அவர்களையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.